வண்டியில் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்குவதற்கு முன்

வீடு தமிழ்நாட்டில் கம்பத்திலோ போடியிலோ. தோட்டம் கேரளத்தில் வண்டன்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ. இப்படி இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருக்கும் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் வீட்டில் லைசென்ஸ் எடுத்த ஒரு ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ இருப்பது புதிதல்ல. அது வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும்வரை தொல்லை இல்லை. தோட்டத்தில் உரிமையாளர் கையில் இருக்கும்போதும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை எல்லாம் நடுவில்தான். மலை உச்சிக் கணவாயான மெட்டில் டீ குடிக்க இறங்குகிறோம், வங்கிக்குப் போகிறோம், புற்றடியில் ஏலக்காய் விற்கும் ஏல மையத்துக்குள் உட்காருகிறோம். அத்தனை நேரமும் ஜீப்பின் பின் இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஒரு துப்பாக்கி தனியாகக் கிடக்கிறது.

முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இங்கே பேச்சு. பொது இடத்தில் நீளத் துப்பாக்கி கொண்டுபோவதென்றால் அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், கொண்டுபோகிறவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்கின்றன விதிகள். சாக்கு, உறை ஆகாது. போர்வையும் ஆகாது. 'கட்டுப்பாடு' என்ற சொல்தான் நமக்கு முக்கியம். வண்டி சந்தையோரம் நிற்க, உரிமையாளர் மூன்று தெரு தள்ளி மருந்துக்கடையில் நின்றால் துப்பாக்கி யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது? திருட்டு நடந்த பிறகு விசாரணை அதிகாரி கேட்கப் போகும் முதல் கேள்வி இது. 'கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனேன் சார்' என்பது பதிலாகாது.

லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2,000 ரூபாய்தானே என்று எண்ண வேண்டாம். 17ஆம் பிரிவின்படி லைசென்ஸையே நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். ரத்தான லைசென்ஸைத் திரும்ப வாங்குவது எவ்வளவு பாடு என்பது விண்ணப்பித்து அலைந்தவர்களுக்குத் தெரியும்.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு முள் உண்டு. லைசென்ஸில் 'எந்தப் பகுதிக்குச் செல்லும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு என்று மட்டும் எழுதியிருந்தால் கம்பம்மெட்டில் மாநில எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அந்தத் தாளுக்கு உயிர் போய்விடுகிறது. தோட்டம் அந்தப் பக்கம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கரம் (நிலவரி) கட்டிய ரசீது இருக்கிறது என்பதெல்லாம் அங்கே செல்லாது. பகுதியை விரித்து எழுதித் தரச் சொல்லி லைசென்ஸ் கொடுத்த அதிகாரியிடமே விண்ணப்பிக்க வேண்டும். காரணத்துக்குத் தோட்டப் பத்திரத்தை இணைக்கலாம். அது கைக்கு வரும்வரை துப்பாக்கி மலையேறக் கூடாது. ஆளில்லாத வண்டியில் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சே அதற்கப்புறம்தான்.

சரி, ஆளில்லாத வண்டி வேண்டாம், டிரைவர் உட்கார்ந்திருக்கிறானே என்பார்கள். இதைத்தான் எல்லோரும் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். சட்டத்தின் கண்ணில் பூட்டிய வண்டியைவிட இது மோசமாகவும் போகலாம். லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியைச் சுமக்கலாம். ஆனால் உரிமையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுத்த அனுமதி கையில் இருக்க வேண்டும். அதுவும் பழுது பார்க்க, லைசென்ஸ் புதுப்பிக்க, உரிமையாளரே பயன்படுத்த என்ற மூன்று காரணங்களுக்கு மட்டும். 'அண்ணாச்சி உள்ளே போயிருக்காரு, நான் வண்டியைப் பாத்துக்கிட்டிருக்கேன்' என்று சொல்லும் டிரைவரிடம் இதில் எது இருக்கிறது? மாட்டுவது அவர். லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தார் என்ற வழக்கு வந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, கூடினால் 5 ஆண்டு. தகுதி இல்லாதவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்ததற்கு உரிமையாளர் மேலும் 29ஆம் பிரிவு பாயும். சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவரை இதில் இழுத்து விடுவது நியாயமே இல்லை. துப்பாக்கி வைக்கும் பெட்டியின் சாவியை டிரைவரிடம் கொடுக்கக் கூடாது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

அடுத்து, துப்பாக்கியோடு போய் வண்டியை நிறுத்தவே கூடாத இடங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 31: தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் கூடாது, உறையில் இருந்தாலும் கூடாது, வண்டியை நிறுத்தாமலே போனாலும் கூடாது. உடுமலையிலிருந்து மறையூர் வழியாக மூணாறு போகும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தையும் சின்னார் சரணாலயத்தையும் ஊடறுத்துப் போகிறது. போடியிலிருந்து மூணாறு போய்விட்டுத் திரும்பும்போது 'அப்படியே மறையூர் வழியாக இறங்கிவிடலாம்' என்று தோன்றும். வண்டியில் துப்பாக்கி இருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். வழக்கானால் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். தேக்கடி படகுத்துறைப் பக்கமும் இதே கதைதான்.

சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளியிலிருந்து ஜீப் ஏறுவோர் கவனத்துக்கு: போகும் வழி பெரியாறு காப்பகம், போய்ச் சேரும் இடம் திருவிழாக் கூட்டம். சமய ஊர்வலம், திருவிழா, பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்கு ஆயுதம் கொண்டுபோகக் கூடாது என்பது லைசென்ஸிலேயே அச்சடித்த நிபந்தனை. வீரபாண்டித் திருவிழாவுக்கும் அதுதான். பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது வண்டியை வளாகத்துக்குள் ஏற்றினால் அதுவும் இதில் சேரும். இதை யாரும் நினைத்தே பார்ப்பதில்லை. காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு அப்படியே மலையேறுவது வழக்கம் என்றால், துப்பாக்கியை வண்டியில் எடுத்து வைக்கும் முன் அந்த வழக்கத்தை மாற்ற வேண்டும்.

இத்தனையும் பார்த்தால் ஒன்று தெளிவு. வண்டியில் தனியே விட வேண்டிய தேவை வராதபடி அன்றைய நாளைத் திட்டமிடுவதுதான் முதல் வேலை. வங்கி, மருந்து, ஏலம் எல்லாம் ஒரு பயணம். துப்பாக்கி போகும் பயணம் வேறு. வீட்டிலிருந்து தோட்டம், தோட்டத்திலிருந்து வீடு, நடுவில் இறங்குவது இல்லை. பல நாள் வெளியூர் போவதென்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ காவல் நிலையத்திலோ பாதுகாப்புக்கு ஒப்படைக்கலாம். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்க வேண்டும். தேர்தல் நேரத்தில் ஒப்படைக்கும் உத்தரவும் வரும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26 என்று வாக்குப்பதிவு வேறு வேறு நாளில் நடந்தது. உள்ளாட்சித் தேர்தல்களும் இரண்டு பக்கமும் ஒன்றாக வருவதில்லை. 'நம்ம ஊரில் தேர்தல் இல்லையே' என்று அடுத்த மாவட்டத்துச் சோதனைச் சாவடியில் போய்ச் சொல்ல முடியாது.

அப்படியும் பத்து நிமிடம் இறங்கியே ஆக வேண்டிய நேரம் வரும். டயர் பஞ்சராகும், உடம்புக்கு முடியாமல் போகும், கழிவறை தேடும் அவசரம் வரும். கீழே எழுதியிருப்பது அந்தப் பத்து நிமிடத்துக்கானது. ராத்திரி முழுக்க விடுவதற்கல்ல.

துப்பாக்கியைக் காலி செய்வது வண்டியில் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் குழலைத் திருப்பித் திருப்பித் தோட்டா எடுப்பது ஆபத்து. குழல் யாரையாவது பார்க்காமல் திரும்பாது. வெளியே நின்று, குழலை மண்ணைப் பார்த்து வைத்து, மடக்கித் திறந்து, தோட்டாவை எடுத்து, பிறகு சுண்டு விரலைத் தோட்டா அறைக்குள் விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். இருட்டில் கண்ணை நம்பக் கூடாது. இரட்டைக்குழலில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம். 'சேஃப்டி போட்டிருக்கிறேன்' என்பது இங்கே செல்லாது. பெரும்பாலான இரட்டைக்குழலில் சேஃப்டி, விரலால் அழுத்தும் விசையை மட்டும்தான் தடுக்கும். தோட்டாவை வெடிக்க வைக்க உள்ளே இழுபட்டு நிற்கும் குதிரையை (சுத்தியை) தடுக்காது. தேய்ந்துபோன பழைய துப்பாக்கியை அடைத்த தோட்டாவோடு போடிமெட்டு வளைவுகளில் குலுக்கிக்கொண்டு போவது என்ன வேலை என்று நீங்களே சொல்லுங்கள்.

முன்பக்கம் மருந்திடும் பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வெடிமூட்டும் 'கேப்'-ஐ எடுத்துவிட்டால் காலி என்று நினைக்க வேண்டாம். மருந்தும் ரவையும் குழலுக்குள்ளேயே இருக்கும். கெட்டிக்கும் கம்பியைக் காலிக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் கத்தியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் போதும். பிறகு எப்போது விட்டாலும் கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே சரக்கு இருக்கிறது. சரக்கோடு அதை வண்டியில் ஏற்றவே கூடாது.

காலி செய்தபின் பிரித்துவிடுவது நல்லது. மடக்குத் துப்பாக்கியில் குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றினால் குழல் தனி, பின்கட்டை தனி. நீளம் பாதியாகிவிடும், பெட்டியும் சின்னதாகப் போதும். இறங்கும்போது முன்கட்டையை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொண்டு போகலாம். முன்கட்டை இல்லாத இரட்டைக்குழலை ஒழுங்காகப் பயன்படுத்துவது கடினம். மடக்கித் திறந்தால் குழல் கீலில் நிற்காமல் கையோடு வரும். ரைஃபிள் என்றால் தோட்டாவை அறையில் அடைக்கும் போல்ட்டை உருவி எடுத்துக்கொள்ள வேண்டும். திருடனுக்கு முழுத் துப்பாக்கி கிடைக்காது. ஆனால் சட்டத்தின் வரையறையில் உதிரிபாகமும் ஆயுதமே. ஆகவே அந்த முன்கட்டையை வைத்திருப்பவர் உரிமையாளராகவே இருக்க வேண்டும், டீக்கடை மேசையில் மறந்துவிட்டு வரவும் கூடாது.

விசைப்பூட்டு பற்றிச் சுருக்கமாக. விசையைச் சுற்றிக் கவ்வும் பூட்டு சிறுவர் கையிலிருந்து காக்கும், திருட்டிலிருந்து காக்காது. தோட்டா உள்ள துப்பாக்கியில் அதை மாட்டுவது ஆபத்து, மாட்டும் அழுத்தத்திலேயே விசை அமுங்கலாம். திறந்த குழலுக்குள் கம்பியை விட்டுப் பூட்டும் கேபிள் பூட்டு அதைவிட நல்லது. கம்பி உள்ளே இருக்கும்வரை தோட்டா ஏறாது, துப்பாக்கி மூடவும் மூடாது.

இனிப் பெட்டி. வண்டி என்பது கண்ணாடிக்கூடு. பழைய ஜீப்பின் தார்ப்பாய் ஹூடுக்கு பிளேடு போதும். பொலேரோ மாதிரி வண்டியில் பின்பக்கக் கண்ணாடியை உடைத்தால் கை நேரே சாமான் இடத்துக்கு எட்டும். செடான் காரின் டிக்கி பத்திரம் என்பார்கள். டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள நெம்பை இழுத்தால் அது திறந்துகொள்ளும், பல கார்களில் பின் இருக்கையை மடக்கினாலே டிக்கிக்குள் போய்விடலாம். டேஷ்போர்டு டிராயரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதன் பூட்டு பிளாஸ்டிக்.

ஆகவே தரையோடு பூட்டிய இரும்புப் பெட்டி வேண்டும். வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். முதலில் குழலை அளந்து பாருங்கள். 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கியில் 70 முதல் 76 சென்டிமீட்டர் வரை இருக்கும். உள்நீளம் அதைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்தால் போதும். 85 நீளம், 25 அகலம், 12 உயரம் என்பது பிரித்த இரட்டைக்குழலுக்குத் தாராளம். 2 மில்லிமீட்டர் தகட்டில் செய்தால் பெட்டி மட்டும் சுமார் 11 கிலோ, 3 மில்லிமீட்டரில் சுமார் 16 கிலோ. பட்டறைக்காரர் 1 மில்லிமீட்டர் தகட்டைக் காட்டி 'இதுவே கெட்டி' என்பார். பெரிய ஸ்குரூ டிரைவருக்கே அது சுருண்டுவிடும். 2-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

தகட்டின் கனத்தைவிட மூடி முக்கியம். கடப்பாரை முனை நுழைய இடம் கிடைத்தால் 3 மில்லிமீட்டர் தகடும் வீண். மூடி நான்கு பக்கமும் 20 மில்லிமீட்டர் கீழே மடிந்து, பெட்டியின் வாயை வெளியிலிருந்து கவிய வேண்டும். கீல் உள்ளே இருக்க வேண்டும். வெளியே தெரியும் கீலின் ஆணியைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிடுவார்கள். 85 சென்டிமீட்டர் மூடிக்கு நடுவில் ஒரே பூட்டு என்றால் ஒரு மூலையை நெம்பினால் தகடு வளைந்து கை நுழையும், இரண்டு முனையிலும் பூட்டு வேண்டும். மேசை டிராயருக்குப் போடும் சின்னச் சுழல்பூட்டை இதில் வைத்துப் பயனில்லை. தொங்குபூட்டுத்தான் போடுவீர்கள் என்றால் அதன் வளையம் வெளியே தெரியாதபடி சுற்றிலும் தகட்டுக் கூடு வைத்து மறைக்கச் சொல்லுங்கள். வெட்டுக் கத்தரியின் வாய் வளையத்தை எட்டக் கூடாது, அவ்வளவுதான். கைரேகைப் பூட்டு இந்தப் பக்கத்துக்குச் சரிவராது. தோட்ட வேலையில் ரேகை தேய்ந்திருக்கும், விரலில் ஈரமும் மண்ணும் இருக்கும், வெயிலில் பேட்டரியும் சீக்கிரம் சாகும்.

பொருத்துவதில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. 10 மில்லிமீட்டர் போல்ட் நான்கு, 8.8 கிரேடு. வெறும் வாஷர் வைத்துத் தரைத் தகட்டில் முறுக்கினால் பெட்டியை நெம்பும்போது வாஷரோடு தகடு கிழிந்து வந்துவிடும். வண்டியின் தரைத் தகடு அத்தனை மெல்லியது. அடியில் 75க்கு 75 மில்லிமீட்டரில் 4 மில்லிமீட்டர் கனத் தகடு ஒன்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் வேண்டும். போல்ட்டின் தலையை அந்தத் தகட்டோடு வெல்டு வைத்து, கீழிருந்து மேலே விட்டு, நட்டைப் பெட்டிக்குள்ளே முறுக்க வேண்டும். நட்டு வெளியே அடியில் இருந்தால் வண்டிக்குக் கீழே படுத்து ஸ்பானரால் கழற்றிவிடலாம், பெட்டியே போய்விடும். நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். மலைப்பாதை அதிர்வுக்குச் சாதா நட்டு தளரும். அந்த வெல்டிங்கை வண்டிக்கு வெளியே முடித்துக்கொண்டு வர வேண்டும். வண்டியில் வைத்து வெல்டு அடித்தால் எலக்ட்ரானிக் பாகங்கள் போகும், தரை விரிப்பும் பற்றும்.

துளை போடுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்ப்பது கட்டாயம். டீசல் டேங்க், டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு, சைலன்சர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. சேசிஸில் துளை போடவே வேண்டாம், தரைத் தகட்டில் மட்டும் போதும். துளையின் விளிம்புக்குத் துருத்தடுப்பு பிரைமர் அடித்து, தகட்டைச் சுற்றிச் சீலன்ட் வைக்காவிட்டால் இடுக்கி மழையில் இரண்டு பருவத்தில் போல்ட்டைச் சுற்றித் துரு தின்னும். துருப்பிடித்த தரையில் எவ்வளவு நல்ல பெட்டி வைத்தும் என்ன செய்ய.

இவ்வளவு செய்தாலும் கிரைண்டர் மிஷினோடு வருகிறவனுக்கு இது சில நிமிட வேலை. பெட்டி வாங்கித் தருவது நேரத்தை மட்டும்தான். சத்தம் கேட்கும் தூரத்தில், ஆள் பார்வை படும் இடத்தில் வண்டி நின்றால்தான் அந்த நேரத்துக்கு மதிப்பு. மெட்டில் ஆளில்லாத வளைவில் நிறுத்திவிட்டுப் போனால் மதிப்பு இல்லை. பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி ரிவர்ஸில் விட்டால் அந்தக் கதவு திறக்காது. காசு செலவில்லாத பூட்டு அது. இருக்கைக் கம்பியில் கேபிளால் கட்டும் கைப்பெட்டி ரிவால்வருக்கென்று விற்கிறார்கள். அந்த 5 மில்லிமீட்டர் கேபிளைக் கைக்கத்தரியே வெட்டும். ரிவால்வரும் பிஸ்டலும் இடுப்பு உறையில் இருக்க வேண்டியவை. இடுப்பில் வைத்துப் போக முடியாத இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் அன்றைக்கு அது வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

பெட்டிக்குள் வைப்பதை வீட்டு வாசலிலேயே முடித்துவிட வேண்டும். நிறுத்தும் இடத்தில் வந்து பின்கதவைத் திறந்து உறையைப் பெட்டிக்கு மாற்றினால் எதிர்க்கடைத் திண்ணையில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ரைஃபிள் கிளப் ஸ்டிக்கர், துப்பாக்கிப் படம் போட்ட ஸ்டிக்கர் எல்லாம் கண்ணாடியில் வேண்டாம், 'இங்கே துப்பாக்கி இருக்கிறது' என்று போர்டு வைப்பதும் அதுவும் ஒன்று. பெட்டிச் சாவி வண்டிச் சாவிக் கொத்தில் இருக்கக் கூடாது. வண்டியோடு சாவியும் போனால் பெட்டியும் போனது மாதிரிதான்.

தோட்டாக்கள் தனிப் பெட்டியில், தனிப் பூட்டில் இருக்க வேண்டும். கம்பத்தில் கோடை வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் தோட்டா வெடிக்காது. புகையில்லா மருந்து தானாகப் பற்ற 150 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் நாள்தோறும் சூடேறி ஆறி, மலைமேல் ஈரமும் குடித்தால் மருந்து கெடும், பிளாஸ்டிக் உறை உருமாறும், சுடும்போது பிசகும். வண்டியில் மாதக்கணக்கில் கிடந்த தோட்டாவை நம்ப வேண்டாம். டேஷ்போர்டிலும் சட்டைப் பையிலும் உதிரியாக ஒன்றிரண்டு கிடப்பதுதான் பெரிய தொல்லை. துப்பாக்கி வீட்டில் இருக்கும். வண்டியை மச்சான் எடுத்துக்கொண்டு போவார். சாவடியில் டிராயரைத் திறந்தால் இரண்டு தோட்டா உருண்டு வரும். தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும், மச்சானிடம் அது இல்லை. வண்டியை யாருக்காவது கொடுக்கும் முன்பு, சர்வீஸுக்கும் வாட்டர் வாஷுக்கும் விடும் முன்பு, விற்கும் முன்பு இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கை எழுதி வைத்திருந்தால் ஒன்று குறைவது அன்றைக்கே தெரியும்.

ஈரம் இந்த மலைக்கே உரிய எதிரி. மேலே குளிரில் இருந்து விறைத்த இரும்பு, கீழே இறங்கிப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றைத் தொட்டதும் வியர்க்கும். குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் நீர் பூப்பது போலத்தான். பெட்டியைப் பூட்டியே வைத்தால் அந்த நீர் உள்ளேயே நிற்கும், ஒரே வாரத்தில் குழலில் செம்புள்ளி தெரியும். பெட்டிக்குள் சாதா ஸ்பாஞ்ச் ஒட்டாதீர்கள், அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். காற்றறை மூடிய இவிஏ ஷீட் ஒட்டலாம். 200 கிராம் சிலிகா ஜெல் பை ஒன்று போட்டு வையுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்க வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு. தோல் உறையில் நாள்கணக்கில் வைப்பதும் தப்பு. தோல் ஈரம் பிடிக்கும், பதனிட்ட மருந்தும் இரும்பை அரிக்கும். வீடு வந்ததும் உறையிலிருந்து எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வீட்டு அலமாரிக்கு மாற்றிவிட வேண்டும். வண்டிப் பெட்டி துப்பாக்கி வாழும் இடம் அல்ல.

காட்டுப்பன்றிக்காகக் கேரளத்தில் துப்பாக்கி எடுத்துப் போகிறவர்களுக்கு: 2022 மே மாதம் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதைச் சுட உத்தரவிடும் அதிகாரம் கொடுத்தார்கள். அந்த உத்தரவின் நகல் பெட்டியில் இருந்தால் நள்ளிரவில் சாவடியில் பேச்சு குறையும். அதே அனுமதியை எண்ணித் தமிழ்நாட்டுப் பக்கம் யாரும் துப்பாக்கியைத் தூக்க வேண்டாம். இங்கே நடைமுறை வேறு, அது வனத்துறையின் வேலை.

அசல் லைசென்ஸ் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், வண்டியில் அல்ல. வண்டி போனால் துப்பாக்கியும் தாளும் சேர்ந்து போகும், எண்ணைச் சொல்லக்கூட எதுவும் மிஞ்சாது. துப்பாக்கி எண், தயாரிப்பு, போர், லைசென்ஸில் உள்ள தேசியத் தரவுத்தள அடையாள எண், தோட்டா எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, துப்பாக்கியின் எண் தெரியும்படி ஒரு படமும் எடுத்து வீட்டில் ஒரு பிரதி வைத்திருங்கள்.

பெட்டி உடைந்திருப்பதைப் பார்த்தால் எதையும் தொடாமல் 112-க்கு அழையுங்கள். நாமே முதலில் தேடிப் பார்ப்போம், பெயர் கெட்டுவிடும், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினால் மாட்டிக்கொள்வது நாம்தான். தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. அந்தத் துப்பாக்கியால் இடையில் எங்காவது ஒரு குற்றம் நடந்தால், சொல்லாமல் விட்ட ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். குமுளியில் போனால் குமுளியிலேயே கொடுக்க வேண்டும். ஊருக்கு இறங்கி வந்துவிட்டாலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகார் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வழக்குப் பதியாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பப் பார்ப்பார்கள். ஆயுதத் திருட்டுக்கு எஃப்ஐஆர்தான் வேண்டும் என்று நின்று வாங்குங்கள். கேரளத்தில் வாங்கும் எஃப்ஐஆர் மலையாளத்தில் இருக்கும். அதன் நகலோடு, நடந்ததைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதி, லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் அன்றைக்கே கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பையில் மிஞ்சியிருக்கும் முன்கட்டையையும் வீட்டில் மிஞ்சிய தோட்டாக்களையும் அந்தக் கடிதத்தில் எண்ணிக்கையோடு குறிப்பிட மறக்க வேண்டாம்.